போத்தல் கடைப் பக்கம்

இரும்புக்குண்டு விழுகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் கிடுகிடுத்தது. அந்தத் தகரத்துக்குக் கீழேதான் என் பெண்சாதி வேலாயி ஒன்பது நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். அந்தக் குண்டை விஞ்சுப் பொறியில் தூக்கித் தூண் தலையில் விடுகிற ஆட்களில் நானும் ஒருவன். பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் நானே அடித்தேன். இதை வெட்கத்தை விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

ஹட்டன் பஸாருக்குப் பின்னால், ஓடையைத் தூர்த்த நிலத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பவிருந்தது. மேலே எல்லாம் சொதசொதவென்ற மண், பாறை ஆழத்தில்தான். அதனால் கொங்கிரீட் தூண்களைப் பாறைவரை இறக்கிக்கொண்டிருந்தோம். தூணை வெறுமனே அடித்தால் அது போகிற இடத்து மண் பக்கத்தில் நெட்டித் தள்ளும். அடுத்த வீட்டுத் தரை எழும்பும், சுவர் வெடிக்கும். ஆகவே முதலில் நாலு பிடி வைத்த பெரிய இரும்புத் துளைத் திருகை நாலு பேர் சேர்ந்து சுற்றித் துளை போட்டு, அந்தத் துளையில் தூணை நிறுத்தி மெல்லத் தட்டி இறக்க வேண்டும். தூணுக்கு ஒரு நாள் பிடிக்கும். கிழக்குப் பக்கத்தில் இருபத்தொரு தூணை அப்படித்தான் இறக்கினோம். அங்கே துரைமாருக்குச் சாராயம் விற்கிற கடை இருந்தது. அதில் ஒரு போத்தல்கூட அசையவில்லை.

மேற்குப் பக்கம் எங்கள் லயம். அங்கே வந்ததும் எங்கள் வேலையை மேற்பார்த்த ஓவசியர் பொன்னையா திருகைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம், நேராக அடித்தால் போதுமாம். அவரும் எங்களைப் போல அக்கரப்பத்தனைத் தோட்டத்து ஆள், என் அப்பாவோடு ஒரே லயத்தில் இருந்தவர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மத்தியானம் சோற்றுக்குப் போனேன். அடுப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாய்க்கு அடியில் தரை நாலு விரல் எழும்பியிருந்தது. வேலாயி பச்சை உடம்போடு, பிள்ளையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு தூறலில் நின்றாள்.

"இங்க ஏன் நிக்கிற?"

"சொவத்துல கைய வெச்சுப் பாரு. அப்புறம் கேளு."

வெடிப்பில் என் கை மணிக்கட்டுவரை போயிற்று. சாப்பிடாமல் திரும்பிப் பொன்னையாவிடம் போனேன்.

"தொள போட்டு எறக்குங்கண்ணே. சொவரு எம் புள்ள மேல விழுந்துரும்."

"லயத்துச் சொவருதானே கந்தப்பா, மண்ணக் கொழச்சு அப்பிக்கலாம்," என்றார் பொன்னையா. "அங்க போத்தல் ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

குண்டைத் தரையில் இறக்கிக் கம்பியைக் கழற்றினேன். கொட்டகையிலிருந்து திருகை இழுத்து வந்து, லயத்துப் பக்கம் அடுத்த தூணுக்குப் போட்டிருந்த குறியில் நிறுத்தித் தள்ளினேன். அது அசையவில்லை.

"இன்னையோட ஒனக்கு வேல இல்ல," என்றார் பொன்னையா.

விஞ்சு ஓட்டுகிற இக்ராம் பஸாரில் குடியிருந்தான். அவன் வீட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. வந்து எதிர்ப்பிடியைப் பிடித்தான். இருவரும் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினோம். மற்ற இரண்டு பேரும் பொன்னையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலாயி வேலியைத் தாண்டி வந்ததை நான் பார்க்கவில்லை. அவள் குரல்தான் கேட்டது.

"வேல இல்லாதவன் புள்ள. இனி நீங்களே வெச்சுக்கங்க."

பிள்ளையைப் பொன்னையாவின் கையில் கொடுத்துவிட்டு வந்து மூன்றாவது பிடியைப் பிடித்தாள். போ என்றேன், கேட்கவில்லை. பிடித்திருந்த குடையைக் கீழே போட்டுவிட்டுப் பொன்னையா இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார். மழை வலுத்தது, பிள்ளை வீரிட்டது, வாங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் போகவில்லை.