மேலிருந்து வந்த மரியாதை

கிரேன் ஓட்டுநருக்கு அந்தக் கட்டட வேலையில் ‘கல்லுக்கை’ என்று பெயர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரும்புக் கம்பிக் கட்டைத் தூங்கும் குழந்தையைப் போல இறக்கி வைப்பார். கீழே நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்பவன் ‘விசில்’. அவர் மனைவியின் தம்பி.

காலையில் ஏணியில் கால் வைக்கும் முன், கல்லுக்கை ஒரு குளுக்கோஸ் டப்பாவை விசிலின் கையில் திணித்தார்.

“இந்தா மாப்ள, நீயே நக்கிக்கோ. உங்கக்கா தொல்லை தாங்கல.”

“ஊசி போட்டுட்டு டப்பா இல்லாம மேல போகாதீங்க மாமா. சாப்பிட்டீங்களா?”

“அப்புறம் பாத்துக்கலாம். முன்னெல்லாம் சுகர் இறங்கினா கை உதறும், சட்டை நனையும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இப்ப மாசக்கணக்கா ஒண்ணுமே இல்ல. சுகர் என்கிட்ட தோத்து ஓடிடுச்சுடா எருமை!”

விசிலும் சிரித்துவிட்டு டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இன்சுலின் விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தால் மாமாவைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அங்கே அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

வெயில் ஏறியபோது ஒரு கம்பிக் கட்டு மேலே போய் நின்றது. அதை வலப்பக்கக் காலி மூலையில் இறக்க வேண்டும். இடப்பக்கத் தளத்தில் ஆட்கள் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். விசிலின் போன் விடாமல் அடித்தது. அக்கா.

“மாமா எங்கடா?”

“வேற எங்க, ஆகாசத்துல.”

“டாக்டரம்மாகிட்ட, அவருக்கு இப்பல்லாம் நடுக்கமே வர்றதில்லைன்னு பெருமையா சொன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு. சுகர் அடிக்கடி இறங்கி இறங்கி, உடம்பு கூப்பாடு போடறதையே விட்டுடுச்சாம். இனிமே சொல்லாம கொள்ளாம நேரா மூளையிலதான் கை வைக்குமாம். போன வாரம் உங்க மாமா என்னைப் பார்த்து ‘உக்காருங்க’ன்னார்டா. கிண்டல்னு நெனச்சுச் சிரிச்சேன்...”

வாக்கிடாக்கி கரகரத்தது.

“நான் இடப்பக்கம் திருப்பட்டுங்களா?”

விசில் போனைக் காதிலிருந்து எடுத்தான். மாமா அவனுக்கு ஒரு நாளும் ‘ங்க’ போட்டதில்லை.

“வேணாம் மாமா! அங்க ஆளுங்க இருக்காங்க. அப்படியே நிறுத்துங்க!”

“சரிங்க.”

சுமை இடப்பக்கமே திரும்பியது. கொஞ்சம்கூட ஆடாமல், அழகாக.

விசில் கிரேனின் அடிக்கு ஓடி, மின்பெட்டியின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். பிரேக் விழுந்தது. கம்பி கட்டுபவர்களுக்குச் சற்றுத் தள்ளி, சுமை அந்தரத்தில் நின்றது. “எல்லாரும் விலகுங்க!” என்று கத்திக்கொண்டே ஏணியைப் பிடித்தான்.

“கரண்ட் போயிடுச்சுங்க. நான் வீட்டுக்குக் கிளம்பறேங்க.”

“கதவைத் திறக்காதீங்க மாமா! வந்துட்டேன்!”

“நீங்க யாருங்க?”

விசில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். கூண்டை அவன் நெருங்கியபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பூட்ஸ் கால் வெளியே வந்து, படியைத் தேடி வெறும் காற்றில் துழாவியது.

அதன் அடியில் தோளைக் கொடுத்து நெட்டித் தள்ளினான். கூண்டுக்குள் புகுந்து, அவரை இருக்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊட்டினான். கீழே, காற்றில் சுமையின் சங்கிலி முனகிக்கொண்டிருந்தது. மாமா அந்நியனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தபடி விழுங்கினார். வெகு நேரம் கழித்துக் கண்ணில் வெளிச்சம் வந்தது.

“டேய் தடியா, உனக்கு இங்க என்னடா வேலை?”

விசிலுக்கு அழுகை வந்துவிட்டது. கீழே கை காட்டினான். இடப்பக்கம் தொங்கும் சுமை. அண்ணாந்து நிற்கும் ஆட்கள்.

“நானா?”

“நீங்கதான். மானேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன் மாமா. திட்டிக்கோங்க.”

மாமா திட்டவில்லை. இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பார்த்தார். துளி வியர்வை இல்லை. நடுக்கமும் இல்லை. கல் மாதிரி இருந்தன.

அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க விசிலுக்குத்தான் உடம்பு உதறியது.