இரண்டாவது பாஸ்கல்

முப்பத்தாறு வருஷ வேலையில் வராத அசதி, ஓய்வு பெற்ற மூன்றே மாதத்தில் பாஸ்கலுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். நாலரை மணிக்கு யாரும் எழுப்பாமலே முழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வரும். சரி, படுத்துத் தொலைப்போம் என்று படுத்தால் தூக்கமும் வராது. பகல் முழுக்க ராயபுரத்து வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தே களைத்துப் போவார். இதென்ன கூத்து என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி சிலுவையம்மாளுக்கு அசதியும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுபத்தொன்று ஜனவரியில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து மாலை போட்டு அனுப்பினார்களோ இல்லையோ, மறுநாளே கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் துடைத்துவிட்டாள். ஒரே மகள் ஞானம் கலியாணமாகிப் பினாங்குக்குப் போய் ஏழு வருஷம். மருமகன் யேசுதாஸுக்கு அங்கே அச்சாபீஸில் வேலை. இரண்டு பேத்திகள் பிறந்துவிட்டார்கள், இரண்டையும் போட்டோவில் பார்த்ததோடு சரி. 'அப்பா ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க. உங்களுக்கு முன்ரூமை ஒழிச்சு வச்சாச்சு' என்று ஞானம் கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள்.

பெரிய பேத்திக்கென்று சிலுவையம்மாள் ஒரு பூப்போட்ட கவுன் தைத்து வைத்திருந்தாள். தைத்து நாலு வருஷம் ஆயிற்று. பிள்ளை வளர வளர ஓரத்தைப் பிரித்து இறக்கி, மறுபடி தைத்து வைப்பாள். உள்ளே மடித்த துணி இன்னும் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம்.

"பாஸ்போர்ட்டுக்குப் பொறந்த தேதி சீட்டு கேக்கறாங்கன்னு எத்தினி தபா சொல்றது? கோயிலுக்குப் போய் ஒரு காயிதம் வாங்கியாரதுக்கு உனுக்கு இன்னாய்யா கேடு?" என்று அன்று காலை அவள் பிடித்த பிடியில் பாஸ்கல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கேடு இல்லாமல் இல்லை. அவருக்குப் போகப் பிடிக்கவில்லை. மருமகன் வீட்டுச் சோறு என்பதை நினைத்தாலே கூசியது. பதினெட்டு, பத்தொன்பது வயதிலிருந்து சம்பாதித்துச் சாப்பிட்ட கை அது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தன் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு முன்ரூமில் குந்தியிருக்க வேண்டுமாம். வாயைத் திறந்து சிலுவையிடம் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

கோயில் ஆபீஸில் உபதேசியார் அருள்பிரகாசம் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைத் தூசி தட்டி விரித்தார். விரலால் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். சில பக்கங்கள் தள்ளி இன்னொரு இடத்திலும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னா பாஸ்கல், நீ ரெண்டு தபா ஞானஸ்நானம் வாங்கினியா?"

"வெளையாடாதீங்க உபதேசியாரே."

"நீயே பாருபா. பாஸ்கல், தகப்பன் சவரிமுத்து, தாய் அந்தோணியம்மாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணு ஜனவரி. இங்க பாரு. அதே பாஸ்கல், அதே சவரிமுத்து, அதே அந்தோணியம்மா. பதினாறு நவம்பர்." அவர் முதல் வரியின் ஓரத்தில் மங்கிப்போன மசியை உற்றுப் பார்த்தார். "இதுல பொடியா எழுதிக்கீது. ஆகஸ்டுல மரணம். ஏழு மாசக் கொழந்த."

பாஸ்கலுக்கு ஒரு அண்ணன் பிறந்து செத்துப்போனது தெரியும். அவன் பேரை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாத்தா பேர் பாஸ்கல். மூத்த பேரனுக்கு அந்தப் பேர். அவன் போய்விட்டால் பேரும் கூடப் போய்விடக்கூடாது என்று அடுத்த ஆண் பிள்ளைக்கு அதையே வைப்பது அந்தக் காலத்து வழக்கம். நடுவில் வந்தது பெண். அதனால் பேர் இவருக்காகக் காத்திருந்திருக்கிறது. அம்மா இவரைச் சாகிறவரைக்கும் 'சின்னவனே' என்றுதான் கூப்பிட்டாள். கல்லறைத் திருநாளில் அப்பா கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மதிலோரம் வேப்பமரத்தடியில் சிலுவைகூட இல்லாத ஒரு மண்ணில் இன்னொன்று ஏற்றுவாள். எம்டன் கப்பல் குண்டு போட்ட கதையைச் சொல்லும்போதெல்லாம், "அப்போ நீ என் வயித்துலகூட இல்லடா" என்பாள். எம்டன் வந்தது பதினாலில். தான் பதிமூன்றில் பிறந்தவன் ஆயிற்றே, அம்மாவுக்கு வயசாகி எல்லாம் குழம்பிப் போச்சு என்று பாஸ்கல் சிரித்துக்கொள்வார். குழம்பியது யார் என்று இப்போது தெரிந்தது.

முப்பத்தைந்தில் துறைமுகத்தில் சேர வயசுச் சீட்டு கேட்டார்கள். அப்போதிருந்த உபதேசியார், பாவம், கண்ணில் முதலில் பட்ட பாஸ்கலை எழுதிக் கொடுத்துவிட்டு மேலே புரட்டவில்லை. அன்றிலிருந்து செத்துப்போன அண்ணன் வயசில்தான் இவர் வேலை பார்த்திருக்கிறார். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு ஆனதும் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உபதேசியார் இரண்டாவது பாஸ்கலுக்குச் சீட்டு எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். "உனுக்கு அம்பத்திநாலுதான்பா ஆவுது" என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்கலுக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் ரஷீதைப் பார்த்தார். முப்பது வருஷத் தோஸ்து. பாஸ்கல் மேலே கிரேனில் உட்கார்ந்திருக்க, கப்பல் தளத்தில் நின்று தூக்கு, இறக்கு என்று கையைக் காட்டியவர் ரஷீதுதான். சீட்டைப் படித்ததும் ரஷீது நடுத்தெருவில் கையைத் தட்டினார்.

"மாமு! நாலு வருசம் முன்னாலயே உன்ன வூட்டுக்குத் தொரத்திட்டானுங்க! சும்மா வுடறதா இத்த? மனு போடறோம். எழுத்து மூலமா கோயில் சீட்டு கீது, எவன் இன்னா சொல்ல முடியும்? எழுபத்திநாலு வரைக்கும் அந்த நாற்காலி உன்னுது."

பாஸ்கலுக்கு அந்த நிமிஷம் உடம்பில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. நாலு வருஷம். மருமகன் வீடு இல்லை, முன்ரூம் இல்லை. கௌரவமாக ஒரு காரணம் கையில் வந்து விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் அந்த வேகத்திலேயே டோல்கேட் வரைக்கும் போய், டைப் அடிக்கிறவரிடம் மனுவை அடித்து வாங்கி வந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வீட்டில் சொன்னபோது சிலுவையம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாலு வருசமா?"

"நாலுக்கு ரெண்டு மாசம் கம்மி."

"ம்" என்றாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கவுனை எடுத்தாள். ஓரத்தைப் புரட்டி, உள்ளே மிச்சமிருக்கும் மடிப்பை விரலால் அளந்து பார்த்தாள். "நாலு வருசம்னா இது பத்தாதுய்யா. பொண்ணு வளந்துடும்" என்று சொல்லி, கவுனை மடித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய துணிகளோடு வைத்தாள். பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று பாஸ்கல் நினைத்தார்.

மறுநாள் மனுவோடு துறைமுகத்துக்குப் போனார்கள். ரஷீது உள்ளே போகச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். ஆபீஸ் குமாஸ்தா சாப்பாட்டுக்குப் போயிருந்ததால், "வா, அதுக்குள்ள உன் ஆளப் பாத்துட்டு வரலாம்" என்று கிரேனுக்குக் கூட்டிப்போனார். பினாங்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. கரையில் வெங்காய மூட்டைகள் மலையாகக் கிடந்தன. காற்றெல்லாம் வெங்காயம். எத்தனை வருஷமாக இந்தக் கப்பலுக்கு வெங்காயம் ஏற்றியிருக்கிறார்! ஒரு தடவைகூட அது போகிற ஊரைப் பற்றி யோசித்ததில்லை.

சாப்பாட்டு நேரமாதலால் கிரேன் சும்மா நின்றது. "ஏறு மாமு, ஒரு தபா குந்திட்டு வா. யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் ரஷீது.

அறுபத்துநாலு படி. பாஸ்கலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏறத் தெரியும். ஆசையாகத்தான் ஏறினார். பத்து, பதினைந்து, இருபது. இருபத்திரண்டாவது படியில் முழங்கால் நின்றுவிட்டது. வலி இல்லை, மயக்கம் இல்லை, பயமும் இல்லை. போதும் என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். இரும்புப் படியைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதில் வைத்தார். வேலையில் இருந்த கடைசி இரண்டு வருஷமும் இந்த இருபத்திரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போனார். மேலே போனதும் கீழே மூட்டை தூக்குகிறவர்கள் தலைக்குமேல் பாரத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, 'மாதாவே, கை நடுங்காம பாத்துக்கோ' என்று வேண்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாத விஷயம். ரஷீதிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்ததால் வந்த அசதி இல்லை இது. முப்பத்தாறு வருஷமாகச் சேர்ந்த அசதி. இறங்கி உட்கார இடம் கிடைத்ததும் வெளியே வந்திருக்கிறது. காகிதத்தில் வயசு யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த முழங்கால் தன்னுடையது.

மெல்ல இறங்கினார். சாப்பிட்டுவிட்டு வந்த புது டிரைவர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கடகடவென்று ஏறிப்போய் முதல் பாரத்தை எடுத்தான். வெங்காய மூட்டைகள் ஆடாமல் அசையாமல் கப்பலுக்குள் இறங்கின. கெட்டிக்காரப் பயல். பாஸ்கலுக்குக் கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"குமாஸ்தா வந்திருப்பான், வா" என்றார் ரஷீது.

"வாணாம் ரஷீது."

"இன்னா வாணாம்? பைத்தியமா உனுக்கு?"

"ஏற முடியல மாமு" என்றார் பாஸ்கல். சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. ரஷீது அவர் முகத்தைப் பார்த்தார், மேலே ஏணியைப் பார்த்தார். தோளில் கையைப் போட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து பாஸ்கல் மனுவைச் சிலுவையம்மாளிடம் நீட்டினார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "கையெழுத்து போட்டாச்சா?" என்றாள்.

"போடல. நான் சொல்றத கேளு சிலுவ. நான் முப்பத்தாறு வருசம் பாத்துட்டேன். இன்னும் நாலு வருசம் பாக்கணும்னு கோயில் புத்தகத்துல கீது. அந்த நாலையும் அவன் பாத்துட்டான்."

"எவன்யா?"

"எங்கண்ணன். ஏழு மாசம் உசுரோட இருந்த பய. எனுக்கு பதிலா அவன் பாத்து முடிச்சுட்டான். என்னப் போவச் சொல்லிட்டான்."

சிலுவையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்து வீட்டுக்கு எடுத்துவைத்த துணிகளிலிருந்து கவுனை உருவி எடுத்தாள். பெட்டியை மறுபடி வெளியே இழுத்தாள். இந்த முறை பாஸ்கலும் ஒரு பக்கம் பிடித்தார்.

பாஸ்போர்ட் வந்து, கப்பல் நாள் குறித்தபோது ஆவணி பிறந்துவிட்டது. ஏறுவதற்கு முதல் நாள் காலை இரண்டு பேரும் கல்லறைக்குப் போனார்கள். அப்பா, அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, பாஸ்கல் மதிலோரம் வேப்பமரத்தடிக்குப் போனார். அம்மா போன பிறகு அங்கே யாரும் ஏற்றவில்லை. சருகைத் தள்ளி, கொஞ்சம் மண்ணைத் தட்டி, மெழுகுவத்தியை நட்டுப் பற்றவைத்தார். காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு குந்தினார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பேரைச் சொன்னால் தன்னையே கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஏழு மாதக் குழந்தை அது, இவருக்கோ தலை முழுக்க நரை.

"அண்ணே" என்றார் கடைசியில். "போய்ட்டு வரேன்."

வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. சிலுவையம்மாள் வந்து கையை நீட்டினாள். முன்பெல்லாம் வேண்டாம் என்று தட்டிவிட்டுத் தானாகவே எழுந்துவிடுவார். இன்றைக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பாரம் முழுவதையும் அதில் போட்டு எழுந்தார்.