குறிப்பு என்றொரு டோக்கன்

…வாயைத் திறந்தால்தானே வம்பு, திறக்காமலே இருந்துவிட்டால்? அதற்கும் வழியில்லை, பதினோரு மணிக்கு விசாரணை, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, நீள மேசை, பக்கத்து நாற்காலியில் அத்தான், அக்காவின் கணவர், ஆபீசில் அவளுக்கு மேலதிகாரி, இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர், அதை நாலு பேர் காதில் விழும்படி இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர். இப்போது மட்டும் கைபேசியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், துடைக்கட்டும்… ஆஸ்பத்திரியின் மருந்துக் கோப்புகளைப் படித்துப் பிரித்தறியும் நிரலை, பார்சரை, எழுதச் சொன்னபோது எவ்வளவு ஆசையாக உட்கார்ந்தாள். நோயாளிக்கு ஒரு கோப்பு, வரிக்கு ஒரு மருந்து, பெயர், சமக்குறி, அளவு, வேளை. பார்சருக்குப் பொருள் புரியவேண்டுமென்றால் முதலில் அந்த எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டித் தரவேண்டும், துண்டுக்குப் பெயர் டோக்கன், நான் என்ன வகை, எங்கே தொடங்குகிறேன், எங்கே முடிகிறேன் என்று மூன்றே விஷயத்தை ஒவ்வொரு டோக்கனும் சொன்னால் போதும். பெயர் ஒரு வகை, எண் ஒரு வகை, வரியின் கடைசியில் நர்சுகள் தங்களுக்குள் எழுதிவைக்கும் குறிப்பும் ஒரு வகை என்று அவள்தான் சேர்த்தாள், பார்சர் அதைப் படிக்காது, படிக்காவிட்டால் என்ன, அளவை மாற்றிக் கோப்பைத் திரும்ப எழுதும்போது குறிப்பும் இருந்த இடத்தில் போய் உட்காரவேண்டாமா, ஒரு மனுஷி கைப்பட எழுதியதல்லவா… அத்தான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "படிக்காததை எதுக்கும்மா சுமக்கறே? இடைவெளியைத் தூக்கிப் போடற மாதிரி இதையும் தூக்கிப் போடு, வேகமா ஓடும்." வேண்டாம் என்று சொன்னாளா? சொன்னாள், ஒருமுறை. இன்னொருமுறை சொல்லியிருந்தால் சாயங்காலமே அக்கா கூப்பிட்டிருப்பாள், அவர்கிட்ட எதுக்குடி மல்லுக்கு நிக்கறே என்று. குறிப்பு என்ற வகையை அழித்தாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

கதவு திறந்து அந்த நர்ஸ் வந்தார், ஐம்பது வயதிருக்கும், சீருடை இல்லாமல், பதினோரு நாளாக சஸ்பெண்ட், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது? தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். வார்டில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஓர் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இதைப் பதிவதற்குக் கோப்பில் தனி இடம் கிடையாது, அதனால் "தொண்டை வீங்குது, போடாதீங்க" என்று குறிப்பில் எழுதினேன் என்பது நர்சின் வாக்குமூலம். மறுநாள் காலை மருந்தாளுநர் வேறேதோ மாத்திரையின் அளவை மாற்றினார், கோப்பு புதிதாக எழுதப்பட்டது, மத்தியானம் வேறொரு நர்ஸ் அதே ஊசியைப் போட்டார். ஆசிரியை நான்கு நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தார், குரல் இன்னும் திரும்பவில்லை. கோப்பில் குறிப்பே இல்லையே அம்மா, எழுதினேன் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று விசாரணை அதிகாரி கேட்டார், நர்ஸ் எழுதினேன் சார், எழுதினேன் சார் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை, பொய் சொல்கிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள், அதுதான் கொடுமை… அதிகாரி இவள் பக்கம் திரும்பினார்.

"உங்க புரோகிராம் அவங்க எழுதினதை அழிக்குமா?"

அத்தானின் கை துடைப்பதை நிறுத்தியது. ஏன் நிறுத்துகிறார், பயமா… "அழிக்கும் சார். குறிப்பை மட்டும் தூக்கிப் போட்டுடும். நான்தான் அப்படி எழுதினேன்." அதிகாரி அத்தானைப் பார்த்தார், உங்களுக்கு இது தெரியுமா என்றார்.

"இப்பதான் சார் தெரிய வருது."

எவ்வளவு மிருதுவாகச் சொன்னார், வெண்ணெய் மாதிரி. நீங்கள் சொல்லித்தானே என்று கேட்க வந்ததை அவள் விழுங்கினாள். நர்சின் சஸ்பெண்டை அங்கேயே ரத்து செய்தார்கள், அவள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும், முடிவு தெரியும்வரை அலுவலகம் வரவேண்டாம், அவ்வளவுதான், பத்தே நிமிடம்.

நடைபாதைக்கு வந்ததும் அக்கா கூப்பிட்டாள், அதற்குள் சேதி போய்விட்டதா? அக்கா அழுதாள், நீ எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டே என்றாள், பிறகு அழுகையோடு அழுகையாக, "நீ ஏத்துப்பேன்னு அவரு அன்னிக்கே சொன்னாருடி. விஷயம் வெளிய வந்த முதல் நாளே. குறிப்பைத் தூக்கச் சொன்னதுதான் வினையாப் போச்சுன்னு சோறுகூட இறங்கலை அவருக்கு."

முதல் நாளேவா… அப்படியானால் பதினோரு நாள், அந்த அம்மாள் வீட்டுக்கும் இங்கேயும் அலைந்த பதினோரு நாளும் இவர் தெரிந்தேதான்… கேட்டுவிடவேண்டும், இப்போதே, எல்லார் முன்னாலும், எப்படி இருந்தீங்க அத்தான் என்று. போனை வைத்துவிட்டுத் திரும்பிக் கதவின் கைப்பிடியைத் தொட்டாள். அவள் மட்டும் எப்போது பார்த்தாள்? ஆறாம் நாள், நிரலைத் திறந்து, குறிப்பு எங்கே தொலைந்தது என்று பார்த்து, மூடிவிட்டு, பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போனாள், மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும்… கைப்பிடி உள்ளிருந்து திரும்பியது. நர்ஸ்தான். நன்றி சொல்வாரோ என்று நினைத்தாள், வெட்கம்கெட்ட நினைப்பு. நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

இப்பதான் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, அவள் தேடாமலே, அதே மிருதுவோடு.