ஐந்தாம் மூங்கில்

வார்னிஷ் அடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டாம்.

என் அப்பா பாண்டே லுங்சுர் வெண்கல வாத்தியம் செய்தவர். பாலித் தீவின் கிழக்கே பாதி ஊர்களின் கோயில் மேளம், அதாவது தட்டி வாசிக்கும் வெண்கலத் தகடுகளின் வரிசை, அவர் வார்த்ததுதான். ஒவ்வொரு ஊருக்கும் சுருதி வேறு. அது மறந்துபோகாமலிருக்க, சுரத்துக்கு ஒன்றாக, தட்டினால் அதே சுரம் ஒலிக்கும்படி ஐந்து மூங்கில் பட்டைகள் சீவி, ஊர்ப் பெயரைக் கீறிக் கட்டி வைப்பார். அவர் போன பிறகு பழைய உலைக்களத்தை நான் அருங்காட்சியகமாக்கினேன். தம்பி கெதுட் பின்னால் புது உலை போட்டுத் தொழிலைப் பார்க்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் மூங்கிலில் பூச்சி விழுந்தது. நான் சும்மா இருப்பேனா? வார்னிஷ் வாங்கி இரண்டு கோட் அடித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி மின்னிற்று!

போன வருஷம் தெகெஹான் ஊர் மண்டபம் தீப்பிடித்து மேளம் முழுக்க உருக்குலைந்தது. ஊர்த்தலைவர் ஞோமன் கெலிங் பூத்தட்டோடு வந்து நின்றார்.

“வெண்கலம் மூட்டையில கெடக்கு, திரும்ப வார்த்துக்கலாம். ஆனா எங்க ஊர்க் குரல் உங்கப்பா மூங்கில்லதானே இருக்கு?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கெதுட் ஒவ்வொன்றாகத் தட்டினான். முகம் சுருங்கியது. என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

“என்னண்ணே பூசித் தொலைச்ச?”

“பூச்சி அரிக்குதேன்னு வார்னிஷ்...”

“போச்சு! பூச்சு கனத்துல அத்தனையும் சுருதி கீழ எறங்கிக் கெடக்கு. அதுவும் ஒண்ணொண்ணு ஒவ்வொரு அளவுக்கு.”

“சுரண்டிட்டா?”

“மூங்கிலும் சேந்து வந்துடும்.” குரலைத் தாழ்த்தினான். “வாயத் தொறக்காத. கிட்டத்தட்ட செஞ்சு குடுத்துடறேன். அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?”

அந்த மனுஷர் மூங்கிலுக்கு முன்னால் பூவை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். கிராம்பு சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தார்.

“சுத்தமா இருக்கணும்னு பண்ணிட்டீங்க. சரி, நாளைக்கு வரேன்.”

மறுநாள் காலை லாரியில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் பழைய மேளத்தில் வாசித்தவர்கள், அதற்கு ஆடியவர்கள். கெதுட் ராத்திரியே வார்த்து வைத்த ஐந்து வெண்கலத் தகடுகளை அராவி அராவித் தட்டினான். “இன்னும் கொஞ்சம் மேல”, “ஆங், அதான்!” என்று கத்தினார்கள். மத்தியானத்துக்குள் நாலு சுரம் வந்துவிட்டது. ஐந்தாவதில்தான் சண்டை. பாதிப் பேர் மேலே என்றார்கள், பாதிப் பேர் கீழே என்றார்கள்.

“முப்பது வருஷம் ஆடினவ நான். எனக்குத் தெரியாதா?” என்றாள் ஒருத்தி.

“நீ என்ன, கால்லயா கேக்கற?” என்றான் அவள் புருஷன்.

சாயங்காலமாகியும் தீரவில்லை. ஞோமன் கெலிங் எழுந்தார். “போதும். மூங்கில் இப்ப என்ன சொல்லுதோ அதையே வெச்சிருங்க.”

“அது தப்புங்க” என்றேன்.

“தெரியும். சரி எதுன்னுதான் தெரியல.”

ஏழு மாதம் கழித்துக் கோயில் திருவிழா வந்தது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேளம் எழுந்தது. நாலு சுரம் அப்பா, ஐந்தாவது நான். அது வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் போட்டு, மேளத்தோடு சேர்ந்து மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு லாரியில் வராதவள். ஐந்தாவது வந்தபோது மேளத்தைவிட ஒரு நூல் மேலே தொட்டாள். மற்ற நாலோடும் அது எப்படிப் பொருந்திற்று! அதுதான், அப்பாவுடையது அதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊரே கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரைக் கூப்பிடுவது, என்னவென்று சொல்வது?

மெட்டின் இரண்டாம் சுற்றிலும் அந்தச் சுரத்திலேயே நின்றாள். மூன்றாவதில் தயங்கினாள். நான்காவதில் மேளத்தின் சுரத்துக்கே இறங்கி வந்துவிட்டாள்.