இல்லாமல் போன இரண்டு புரதங்கள்

தம்பியின் பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது. வேறெங்கும் பரவவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. அதிலுள்ள புரதங்களைப் பார்த்தால் நோய் திரும்புமா, கீமோ தேவையா என்று ஓரளவு கணித்துவிடலாமாம்.

முடிவு வந்த அன்று தம்பி டாக்டரின் அறைக்குள் வர மாட்டேன் என்று அடம்பிடித்தான். எந்த மலைப்பாதைக்கும் அசராத லாரி டிரைவர், வராந்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீயே கேட்டுட்டு வாக்கா. உன் மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுக்கறேன்."

அக்கா தையல் கடை வைத்திருப்பவள். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய உறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா சொன்னாள்:

"நாலு புரதங்களைத் தேடினோம். ரெண்டு இல்ல."

அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "இல்லையா? அப்ப அவன் பிழைக்க மாட்டானா?"

"ஐயோ, பயப்படாதீங்க! அது இல்லாதது இவருக்கு நல்லது. இந்த மாதிரிக் கட்டி, இந்த நிலையிலயே எடுத்துட்டா, பெரும்பாலும் திரும்பி வராது. கீமோவும் வேண்டாம். செக்கப்புக்கு மட்டும் ஒழுங்கா வரச் சொல்லுங்க."

அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிட்டது. டாக்டரம்மா அவள் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னொண்ணு," என்றாள். "இந்தப் புரதக் குறை சில பேருக்குப் பரம்பரையா வரும். அவர் ரத்தத்தைப் பார்ப்போம். அதுல இருந்தா உங்களையும் பார்க்கணும்."

அழுத முகத்தோடு அவள் வெளியே வந்ததும் தம்பி தானே முடிவு கட்டிவிட்டான். "அவ்வளவுதானாக்கா?"

"போடா லூசு! கீமோவே வேண்டாமாம். உனக்கு ஆயுசு கெட்டி." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மற்றதையும் சொன்னாள்.

அவன் சட்டென்று எழுந்தான். "உனக்குன்னா நான் உள்ளயே வர்றேன். ஒரு வார்த்தை விடாம கேட்கறேன்."

சொன்னபடியே செய்தான். ரத்தத்தில் அந்தக் குறை இருவருக்குமே இருந்தது. அக்காவின் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது மிளகளவு முளை ஒன்று தட்டுப்பட, அங்கேயே கத்தரித்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஒருநாள் ஆகியிருக்கலாம். இனி ஆண்டுதோறும் இருவரும் வர வேண்டும்.

முடிவைக் கேட்டு வெளியே வந்த அக்கா சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சுவிட்டாள். பயத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பசியில உயிர் போகுதுடா."

"அந்த வார்த்தைய இங்க நின்னு சொல்லாத. திரும்பப் படுக்க வெச்சுடுவாங்க. நட, கேன்டீனுக்கு!"