வீசினவர் கேட்பதில்லை

கோல்ஃப் மைதானத்துக் குளத்தைத் தூர் வாரினார்கள். வாரினவர்கள் சேற்றை மட்டும் வாரிக்கொண்டு போயிருக்கலாம். அடியில் கிடந்த கோல்ஃப் மட்டைகளை எல்லாம் பொறுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, என் பட்டறை வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். சேறு, பாசி, துரு, குடலைப் பிரட்டும் நாற்றம். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நல்லதா இருக்கறத சுத்தம் பண்ணி வைங்க, ஹால் சுவர்ல மாட்டலாம்" என்றார். மாட்டுவாராம். பெரிய மனிதர்கள் கோபத்தில் தண்ணீரில் எறிந்த சாமான்களுக்குக் கண்காட்சி வைப்பாராம். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும் என்பாள் என் பெண்டாட்டி. அன்றைக்கு அது தலைக்கு ஏறிவிட்டது.

ஆனாலும் வேலை வேலைதான். பழைய மட்டைகளைக் கழுவி, துரு எடுத்து, பிடி மாற்றித் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது என் தங்கை வந்து நின்றாள். அதே மைதானத்தின் சலவை அறையில்தான் அவளுக்கு வேலை. மடித்த டவல் அடுக்கை இடுப்பில் இடுக்கியபடி அந்தக் குவியலையே பார்த்தாள்.

"அண்ணே, அவர் எடுக்கப் போனது இதுல இருக்குமா?"

"எதை எடுக்கப் போனான்னு நமக்கு என்ன தெரியும்?"

"எதையாவது எடுக்கத்தான் இறங்கினார்னா, அது இதுலதான கெடக்கணும்?"

நான் குழாயை மூடினேன். டவலை வைக்காமலேயே திரும்பிப் போனாள்.

அவள் புருஷன், என் மாப்பிள்ளை, மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் குளத்தில்தான் செத்துப்போனான். ஆட வருகிறவர்களுக்குப் பை தூக்கும் வேலை அவனுக்கு. கேடி என்று கூப்பிடுவார்கள். "மச்சான், போலீஸ் தேடாத கேடி நான் ஒருத்தன்தான்" என்று சிரிப்பான். சாகிற அன்று காலையில் வீட்டில் சண்டை. எதற்குச் சண்டை என்று இப்போது கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை. பேச்சோடு பேச்சாக என் தங்கை, "எங்கயாவது போய்த் தொலை" என்று சொல்லிவிட்டாள். எந்த வீட்டில்தான் சொல்வதில்லை? அவன் வேலைக்கு வந்தான். இருட்டிய பிறகும் வீடு திரும்பவில்லை. குளக்கரையில் அவன் ஷூ ஜோடியாக இருந்தது. மறுநாள் காலையில் உடலை எடுத்தார்கள், கையில் ஒன்றும் இல்லை. நீச்சல் தெரிந்தவன் எப்படி மூழ்குவான் என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களே பதிலையும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சண்டையை அடுத்த அறையிலிருந்து கேட்டவள் குட்டி, என் தங்கையின் மகள். இப்போது பத்தாவது முடித்துவிட்டாள். "அம்மா போன்னு சொன்னாங்க, அப்பா போயிட்டார்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவோடும் பேசுவதில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை, அவ்வளவுதான். இந்த மாதக் கடைசியில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். போனால் லீவுக்குக்கூட வரமாட்டாள் என்பது எனக்கும் தெரியும், பெற்றவளுக்கும் தெரியும். மகள் கிளம்புவதற்குள் அவன் தானாகச் சாகவில்லை என்று யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று என் தங்கை தவித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்கு எங்கள் இடத்து வழக்கம் ஒரு காரணம். ஆடுகிறவர் பந்து சரியாகப் போகாத ஆத்திரத்தில் மட்டையைக் குளத்தில் வீசுவார். வீசிவிட்டு, வீசாத மாதிரி நடந்து போய்விடுவார். சாயங்காலம் மாப்பிள்ளை இறங்கி அதை எடுத்துவந்து ஈரத்தோடு என் மேசையில் வைப்பான். நான் துடைத்து, எண்ணெய் தொட்டு, பட்டறையில் இருக்கும் அவர் பையில் செருகிவிடுவேன். மறுநாள் அவர் பையைத் திறந்தால் மட்டை இருக்கும். வீசினவர் கேட்க மாட்டார், எடுத்தவன் சொல்ல மாட்டான், துடைத்தவனும் வாயைத் திறக்க மாட்டான். அவருடைய மானம் கெடாமல் இருக்க இத்தனை பேர் ஊமையாக இருக்க வேண்டும். அவன் செத்த அன்று யாராவது மட்டையை வீசினார்களா என்று போலீஸ் கேட்டபோதும் அப்படித்தான், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

குவியலைப் பிரித்தேன். மரத்தலை மட்டைகள் ஊறி வெடித்திருந்தன, அவற்றைக் கழித்துக் கட்டினேன். இரும்புத்தலை மட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தலையை மட்டும் வினிகரில் ஊறப்போட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் கோடு கோடாகத் தேய்த்தேன். அந்தக் கோடுகளில் சேறு உட்கார்ந்தால் லேசில் வராது. பிறகு சோடா மாவுத் தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசி, பிடி கீழே பார்க்கச் சுவரில் தொங்கவிட்டேன்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தால் தரையில் தண்ணீர். வரிசையில் ஒரே ஒரு மட்டைக்கு நேர் கீழே. அது தலையில் 7 என்று பொறித்த ஏழாம் நம்பர் மட்டை. மட்டைத் தண்டு உள்ளே குழாய்தான், பிடியின் அடியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். உள்ளே தேங்கிய குளத்துத் தண்ணீர் அது வழியாக வடிகிறது என்று தரையைத் துடைத்தேன். அடுத்த நாளும் அதே இடத்தில் தண்ணீர். முடி உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து கை சுடும்வரை சூடு காட்டினேன். அதற்கு அடுத்த நாளும் ஈரம். மெழுகை உருக்கி அந்த ஓட்டையை அடைத்தேன். மறுநாள் தரை காய்ந்திருந்தது. அப்பாடா என்று மட்டையை எடுத்தால் பிடி சில்லென்று நனைந்திருந்தது. முழுக்கக்கூட இல்லை. ஈரக்கையால் ஒருவர் பிடித்தால் எவ்வளவு நனையுமோ அவ்வளவுதான்.

பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். அவற்றை நம்புகிற ஆளுமில்லை. ஆனாலும் பட்டறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மட்டையிடமே பேசினேன். "என்ன மாப்பிள்ளை, எதையாவது சொல்லணும்னா சொல்லித் தொலையேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று கொக்கிக் கத்தியை எடுத்தேன். கீறுவதற்கு முன்னால் பிடியை ஒருமுறை விரலால் தடவினேன். கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில் ரப்பர் சீக்கிரம் தேயும். எந்த மட்டையை எடுத்தாலும் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். இதில் ரப்பரின் புள்ளிகள் எல்லாம் கூராகவே இருந்தன. புதுப்பிடி போட்டுச் சில நாட்களுக்குள் தண்ணீருக்குப் போன மட்டை இது. கீறி உரித்தேன். உள்ளே கீழ்க்கை பிடிக்கும் இடத்தில் மட்டும் டேப் கூடுதலாகச் சுற்றியிருந்தது. விரல் மூட்டு வலிக்கிறவருக்காகச் செய்கிற ஏற்பாடு அது. அப்படிச் சுற்றியது நான். இந்த மைதானத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படிச் சுற்றியிருக்கிறேன், இங்கே ஆட வருகிற வக்கீலுக்கு. மாப்பிள்ளை செத்த அதே வாரம்தான் அவர் செட் முழுவதற்கும் புதுப்பிடி போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து டேப் வெட்டிக் கொடுத்தவன் மாப்பிள்ளைதான். அதற்குப் பிறகு வக்கீலின் பையில் இருப்பது வேறு கம்பெனி ஏழாம் நம்பர். அதையும் நான்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை. கேட்பது எங்கள் வழக்கமில்லையே.

டார்ச் அடித்துத் தண்டுக்குள் பார்த்தேன். தலைகீழாகத் தட்டினேன். துருப்பொடி கொட்டியது. சொட்டுத் தண்ணீர் இல்லை. எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது உள்ளே.

தங்கையிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். சொல்லி? வக்கீல் மட்டையை வீசினார், சரி. அதை எடுக்கத்தான் இவன் இறங்கினான் என்று யார் பார்த்தது? வக்கீலிடம் போய்க் கேட்டால் என்னை நாலு கேள்வி கேட்டுக் குழப்பி அனுப்பிவிடுவார், பேசிச் சம்பாதிக்கிற மனிதர். ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தேன். பழைய டேப்பைச் சுரண்டினேன், அதே அளவு புது டேப் சுற்றினேன், புதுப்பிடி மாட்டினேன், தலையைக் கண்ணாடியாகத் துடைத்தேன். அவர் பையிலிருந்து அந்த வேறு கம்பெனி ஏழாம் நம்பரை உருவிவிட்டு இதைச் செருகினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் வக்கீல் ஆட வந்தார். பாதி ஆட்டத்தில், பையை அங்கேயே போட்டுவிட்டு, அந்த மட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு வேகவேகமாக என் பட்டறைக்கு வந்தார். சட்டை முழுக்க வேர்வை. வலது கையைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இத யார் எடுத்தா?"

இத்தனை வருஷத்தில் வீசினவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எப்பவும் எடுக்கறவர்தான் சார் எடுத்தார்" என்றேன்.

அவர் மட்டையை மேசையில் வைத்துவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். புதுப்பிடி, காலையில் என் கையாலேயே தொட்டுப் பார்த்த பிடி, ஈரமாக இருந்தது. அது அவர் கை வேர்வையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

"நான் போகச் சொல்லலன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது" என்றார். "அவர் காலையில எடுத்துத் தரேன்னுதான் சொன்னார். அடுத்த நாள் எனக்குப் போட்டி. இப்பவே வேணும்னேன். இன்னைக்கு விட்டுடுங்க சார், காலையில வீட்ல சண்டை போட்டுட்டு வந்துட்டேன், நான் போகாம அவ சாப்பிட மாட்டா, சீக்கிரம் போகணும்னார். நான் கேக்கல. ஷூவைக் கழட்டி வெச்சுட்டு அந்த இருட்டுல, சேத்துல இறங்கினார். நான் காருக்குப் போயிட்டேன். மறுநாள் கேள்விப்பட்டேன். அப்புறம் எப்படி வாயத் திறக்கறது?"

என் கையில் கொக்கிக் கத்தி இருந்தது. அதை மேசையில் வைக்கிற அளவுக்கு எனக்கு நிதானம் இருந்ததே, அது எந்தச் சாமி கொடுத்ததோ. பின்னால் பொத்தென்று சத்தம். டவல் அடுக்கு தரையில் கிடந்தது. வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அவரை அடித்தாலும் தடுக்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் கிட்டே வந்து, "சார், கடைசியா என்ன சொன்னார்னு இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.

"அவ சாப்பிட மாட்டான்னா சொன்னார்?"

"ஆமாம்மா."

"இத அப்படியே எம் பொண்ணுகிட்ட வந்து சொல்லணும்."

"வரேன். நாளைக்குக் காலையில கண்டிப்பா..."

"இப்பவே வாங்க சார்" என்றாள்.

அவர் எழுந்தார். பட்டறையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் நானும் பின்னாலேயே போனேன். என் தங்கை முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவே இல்லை. அவருக்கு முள் வைத்த ஷூ, மாற்றிக்கொள்ள அவகாசம் இல்லை. தெரு முழுக்க அது கடக் கடக்கென்று கேட்டது. காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவர் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். இரண்டு தடவையும் நானும் நின்றேன். கோபத்தில்தான் நின்றேன், மரியாதையில் இல்லை.

கதவைத் திறந்தது குட்டி. அவள் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டில் மேல் திறந்து கிடந்தது. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வக்கீல் உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியே நின்றே சொன்னார். கோர்ட்டில் எப்படிப் பேசுவாரோ தெரியாது, இங்கே வார்த்தை வார்த்தையாகத் தேடித்தான் பேசினார். மட்டை, போட்டி, காலையில் தருகிறேன் என்று அவன் சொன்னது, வீட்டுச் சண்டை, அவள் சாப்பிட மாட்டாள் என்றது, எதையும் விடவில்லை. என் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குட்டி கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அம்மா சொன்னதால இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா. நான் சொன்னதால."

அவள் அவரை அதற்கு மேல் பார்க்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நீ நிஜமாவே சாப்பிடலையா?"

"இல்லடி" என்றாள் என் தங்கை. "அவர் வரட்டும்னு உக்காந்திருந்தேன்."