மிளகாய் காயும் சட்டம்

சொந்தமாகக் கம்ப்யூட்டர் பூட்ட, கேபினட்டை வெறும் தகரமாக வாங்கி, பிராசசரில் ஒரு படி இறங்கிய பிறகும் நெவெனாவிடம் மிஞ்சிய தினாருக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டுதான் கட்டுப்படியானது. பழசென்றால் ஒரே பயம்தான்: கிரிப்டோ நாணயம் எடுக்க வரிசையாக மாட்டி ராப்பகலாக ஓட்டி உயிரை உறிஞ்சிய கார்டை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

விளம்பரம் கொடுத்திருந்த மியோமிரின் வீட்டில் காபி வந்தது. கூடவே சத்தியமும் வந்தது.

"சத்தியமா சொல்றேம்மா, என் மகன் ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் விளையாடுவான். புதுசு மாதிரி இருக்கு பாரு."

அதுதான் அவளுக்கு உறுத்தியது. இரண்டு வருடக் கார்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. முகர்ந்தாள். எலுமிச்சை சோப்பு வாசனை.

"கழுவினீங்களா மாமா?"

"நாங்க சுத்தமான குடும்பம்மா."

வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று பால்கனிக்குப் போனாள். அங்கே ஓர் அலுமினியச் சட்டத்தில் சிவப்பு மிளகாய்ச் சரங்கள் தொங்கின. சட்டத்தின் மேல் கம்பியில், ஒரு கார்டுக்கு ஒன்றாக, ஆறு பிடிப்புகள். கீழே ஆறு குட்டி மின்விசிறிகள் மிளகாய்க்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன.

"மகன் செஞ்சது. நாலே நாள்ல காஞ்சிடும்!" என்றார் மியோமிர் பெருமையாக.

"உங்களுக்கு எத்தனை பசங்க மாமா?"

"ஒரே பையன்தான்."

"அப்போ மத்த அஞ்சு கார்டுல ஞாயித்துக்கிழமை விளையாடினது யாரு?"

மியோமிர் மிளகாயைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"அஞ்சும் உள்ளதான் இருக்கு. சேத்து எடுத்தா குறைச்சுத் தர்றேன்."